உள்ளேன் ஐயா, ஆனால் சிக்னல் இல்லை

ஆந்திரப் பிரதேசத்தில் 12,912 பள்ளிகளில் ஒரே ஒரு ஆசிரியர்தான். மத்திய கல்வி அமைச்சகத்தின் 2024-25 கல்வியாண்டுக் கணக்கு சொல்வது இது. நாடு முழுவதும் இப்படிப்பட்ட பள்ளிகள் 1,04,125. மாநில வாரியாகப் பார்த்தால் ஆந்திரத்துக்குத்தான் முதலிடம். திருப்பதியிலிருந்து மேற்கே சந்திரகிரியைத் தாண்டிப் போகிறவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. சேஷாசலம் மலையடிவாரத்துச் சிற்றூர்களில் பள்ளி என்றால் ஓர் அறை, ஒரு திண்ணை, ஒரு வாத்தியார்.

அந்த ஒருவரின் காலைப் பொழுதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு எழுத்துச் சொல்லித் தர வேண்டும். நான்காம் வகுப்புக்குப் பெருக்கல் கணக்கு. நடுவில் மூக்குச் சிந்துகிற பிள்ளை, அழுகிற பிள்ளை. மணி அடிப்பதும் அவரே, மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று தலை எண்ணுவதும் அவரே. இவர் பத்து நிமிடம் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்தப் பத்து நிமிடமும் பள்ளியில் ஆசிரியரே இல்லை என்று பொருள். நாற்பது ஆசிரியர்கள் உள்ள நகரப் பள்ளியில் இது ஒரு பொருட்டல்ல. இங்கே பொருட்டு.

கல்வியில் தொழில்நுட்பம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இந்த அறையை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. மேடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வேறு அறைகளை மனத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஆந்திரத்தில் 2022 ஆகஸ்டில் ஒரு சின்னப் புயல் அடித்தது. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் தங்கள் சொந்த செல்போனில் ஒரு செயலியை ஏற்றி, பள்ளி எல்லைக்குள் நின்று தங்கள் முகத்தைத் தாங்களே படம் பிடித்து வருகையைப் பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆசிரியர் சங்கங்கள் கொதித்தன. போன் எங்களுடையது, டேட்டா செலவு எங்களுடையது, அதில் அரசின் கண்ணை ஏன் வைக்க வேண்டும் என்பது ஒரு வாதம். சிக்னல் கிடைக்காத ஊரில் என்ன செய்வது என்பது இன்னொன்று. குறித்த நேரத்துக்கு வாசலில் நின்றுகொண்டிருந்தாலும், செயலி ஒப்புக்கொள்ளாவிட்டால் வரவில்லை என்றுதானே ஆகும்? அப்போதைய கல்வி அமைச்சர் போத்ச சத்யநாராயணா சங்கங்களை அழைத்துப் பேசி அவகாசம் கொடுத்தார்.

அரசின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பள்ளிக்கு வராமலே சம்பளம் வாங்குகிற ஆசிரியர்கள் கதை ஆந்திரத்துக்கு மட்டும் சொந்தமானதல்ல. ஊருக்கு ஊர் உண்டு. பதிவேட்டில் மொத்தமாக வாரக் கையெழுத்துப் போடுகிற பழக்கம் கல்வித் துறையில் யாருக்கும் தெரியாத ரகசியமும் அல்ல. ஆனால் வராத சிலரைப் பிடிக்க வீசிய வலையில், தினமும் வருகிற பலர் காலையில் சிக்கித் தவித்தார்கள். திருடனைப் பிடிக்க ஊரையே தெருவில் நிறுத்தினால் ஊர் என்ன சொல்லும்?

வருகைப் பதிவு ஒன்று மட்டும் என்றால் சமாளித்திருப்பார்கள். அந்த ஆண்டுகளில் ஆசிரியரின் போனில் செயலிகள் வரிசை கட்டின. மாணவர் வருகைக்கு, மதிய உணவுக்கு, முட்டைக்கும் கடலை மிட்டாய்க்கும், கட்டட வேலைக்கு, புத்தக விநியோகத்துக்கு. உச்சமாக, பள்ளிக் கழிப்பறைகளைப் படமெடுத்து ஏற்ற வேண்டிய வேலையும் ஆசிரியர்களிடமே வந்தது. கழிப்பறை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, முதுகலைப் பட்டம் பெற்ற ஆசிரியர் கழிப்பறை வாசலில் நின்று கோணம் பார்ப்பதில்தான் மறுப்பு. 2024-ல் ஆட்சி மாறியதும் இந்த வேலை கைவிடப்பட்டது. பல செயலிகளைத் திரட்டி 2025-ல் 'லீப்' என்ற ஒரே செயலிக்குள் அடைத்தார்கள். சுமை குறைந்தது. ஆனால் மூட்டைகளை ஒன்றாகக் கட்டினால் தூக்க வசதிதான், எடை போய்விடாது.

எல்லைக்கு இந்தப் பக்கமும் கதை அதுவே. தமிழகத்தில் 'எமிஸ்' என்ற பெயரைச் சொன்னாலே தலைமையாசிரியர்கள் பெருமூச்சு விடுவார்கள். மாணவரின் ரத்த வகையிலிருந்து பெற்றோரின் வருமானம் வரை அதில் பதிய வேண்டியவை ஏராளம். பதிவு வேலையிலிருந்து விடுவியுங்கள், பாடம் நடத்த விடுங்கள் என்று சங்கங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்திருக்கின்றன. 'பாடம் நடத்த விடுங்கள்' என்று ஆசிரியர்கள் போராட்டம் நடத்திய காலம் என்று பிற்காலத்தில் யாராவது எழுதினால் நம்ப மாட்டார்கள்.

சொற்களிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. தெலுங்குப் பள்ளியில் பெயர் கூப்பிடுவதற்கு 'ஹாஜரு' என்பார்கள். நம் கோர்ட்டுகளில் வழங்கும் 'ஆஜர்' அதன் உடன்பிறப்பு. இரண்டும் நவாபு காலத்துக் கச்சேரிகளிலிருந்து வந்தவை. அதிகாரியின் முன் வந்து நிற்பது என்பதே அவற்றின் பொருள். தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் சொல்லும் 'உள்ளேன் ஐயா' அப்படியல்ல. அது ஆசிரியருக்குச் சொல்லும் பதில். எதிரே இருக்கும் ஒரு மனிதருக்குச் சொல்வது. இன்று ஆசிரியரைப் பார்த்து, அமராவதியில் இருக்கும் ஒரு திரைக்கு 'ஹாஜரு' சொல்லச் சொல்கிறார்கள்.

பள்ளிகளிலிருந்து தகவல் கேட்பது ஒன்றும் புதிய பழக்கமல்ல. சந்திரகிரிக்கே அந்த அனுபவம் 200 ஆண்டு பழையது. ஒரு காலத்தில் விஜயநகர மன்னர்களின் கடைசித் தலைநகரங்களில் ஒன்று இது. 1639-ல் சென்னையில் கோட்டை கட்டிக்கொள்ள ஆங்கிலேயருக்கு இடம் கொடுத்த தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர், சந்திரகிரி அரசருக்கு அடங்கியவர். கொடுத்த இடத்தில் வளர்ந்த சென்னை பிறகு சந்திரகிரியை ஆண்டது. வட ஆற்காடு மாவட்டத்தில் அது அடங்கியது. அந்த மாவட்டத்துக்குச் சித்தூர்தான் தலைநகரம். 1911-ல் சித்தூர் தனி மாவட்டமானது, 2022-ல் சந்திரகிரி புதிய திருப்பதி மாவட்டத்துக்குப் போனது.

இந்த வட ஆற்காடு உள்பட எல்லா மாவட்டக் கலெக்டர்களுக்கும் 1822 ஜூன் 25 அன்று சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ ஒரு கேள்வித்தாள் அனுப்பினார். உங்கள் மாவட்டத்தில் எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள், எந்தெந்தச் சாதி, என்ன படிக்கிறார்கள்? செயலி இல்லை, தபால்தான். பதில்கள் வந்து சேர ஆண்டுகள் ஆயின. 1826 மார்ச்சில் மன்றோ கூட்டிப் பார்த்தார். 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள்.

இதற்குப் பிறகு அவர் செய்ததுதான் கவனிக்க வேண்டியது. கலெக்டர்கள் ஏன் தாமதித்தார்கள் என்றோ, எந்த மாவட்டம் பின்தங்கியது என்றோ மட்டும் அவர் எழுதிவிட்டு நிறுத்தவில்லை. ஆசிரியருக்கு மாதம் ஆறு, ஏழு ரூபாய்க்கு மேல் வருமானம் இல்லை, இந்தச் சம்பளத்துக்குத் தகுதியுள்ளவர்கள் எப்படி இந்தத் தொழிலுக்கு வருவார்கள் என்று கேட்டார். மாவட்டத்திலும் தாசில்களிலும் அரசே சம்பளம் கொடுத்துப் பள்ளி நடத்தத் திட்டம் தீட்டினார். மறு வருடமே காலராவில் இறந்துபோனார். அவர் தொடங்கிய தாசில் பள்ளிகளும் 1830-களில் கைவிடப்பட்டன. திட்டம் தோற்றது உண்மை. ஆனால் எண்ணிக்கையைப் படித்த மனிதர் அதில் ஆசிரியரின் வயிற்றைப் பார்த்தார். தினமும் விநாடிக்கு விநாடி எண்கள் வந்து குவியும் இன்றைய திரைகளில் 12,912 என்ற எண்ணும் இருக்கத்தான் செய்கிறது. அதைப் பார்த்துவிட்டு இன்னொரு ஆசிரியரை அனுப்புகிறவர்கள் யார்?

வகுப்பறைக்குள் எந்திரம் வந்து போன கதைகளும் இந்தப் பகுதிக்குப் பழக்கமானவை. 1975 ஆகஸ்டில் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றை ஓராண்டு கடன் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டி.வி. காட்டினார்கள். ஆந்திரமும் அதில் ஒன்று. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி நிகழ்ச்சி, ஆசிரியர்களுக்கு விடுமுறையில் அறிவியல் பயிற்சி. உலகமே திரும்பிப் பார்த்த சோதனை. 1976 ஜூலையில் கெடு முடிந்தது, செயற்கைக்கோளை நகர்த்திக்கொண்டு போனார்கள். 2002-ல் குப்பத்துக்கு ஹ்யூலெட் பேக்கார்ட் வந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் முட்டிக்கொள்ளும் அந்த மூலையில் மாநில அரசுடன் சேர்ந்து கிராமத் தகவல் மையங்களைத் திறந்தது. மூன்றாண்டுத் திட்டம். கொரோனாவில் பள்ளிகள் மூடிய 2020-ல் ஏழுமலையானின் மலைப் பெயர் கொண்ட தூர்தர்ஷன் 'சப்தகிரி' சேனலில் பாடம் ஓடியது. ஒவ்வொன்றிலும் நல்லது நடந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவுத் தேதி இருந்தது.

இவற்றுக்கு நடுவே, கரண்ட் தேவைப்படாத ஒரு தொழில்நுட்பம் இதே சித்தூர் மாவட்டத்தில் பிறந்தது. அதற்கு முடிவுத் தேதி யாரும் குறிக்கவில்லை.

சந்திரகிரிக்கு மேற்கே நூறு கிலோமீட்டருக்கு அப்பால் மதனப்பள்ளி. ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்த ஊர். அதன் அருகில் அவர் நிறுவிய ரிஷிவேலி பள்ளி வசதியான வீட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இடம். சுற்றியிருக்கும் கிராமங்கள் வானம் பார்த்த பூமி. 1980-களின் இறுதியில் பத்மநாப ராவ், ரமா என்ற தம்பதி அந்தக் கிராமங்களுக்காக ஓராசிரியர் பள்ளிகளைத் தொடங்கினார்கள். அவர்கள் முன் இருந்த சிக்கல் இன்றைய 12,912 பள்ளிகளின் சிக்கலேதான். ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு. அறுவடைக் காலத்தில் காணாமல் போகும் பிள்ளை திரும்பி வரும்போது வகுப்பு பத்துப் பாடம் தள்ளிப் போயிருக்கும். அந்தப் பிள்ளை பிறகு வருவதே இல்லை.

அவர்கள் பாடப் புத்தகத்தைப் பிரித்தார்கள். நிஜமாகவே பிரித்தார்கள். ஒவ்வொரு பாடத்தையும் சின்னச் சின்ன வேலைகளாக உடைத்து, ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை. அட்டையின் மூலையில் ஒரு படம், ஓர் எண். எழுத்துத் தெரியாத குழந்தையும் படத்தைப் பார்த்துத் தன் அட்டையை எடுத்துக்கொள்ளலாம். சுவரில் ஓர் ஏணி வரைந்திருக்கும். எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்று அது காட்டும். தான் ஏணியில் எந்தப் படியில் நிற்கிறோம் என்பது ஒவ்வொரு குழந்தைக்கும் தெரியும். இரண்டு வாரம் களை எடுக்கப் போய் வந்த சிறுமி, விட்ட படியிலிருந்து ஏறலாம். யாரும் அவளைப் பின்தங்கியவள் என்று சொல்லப் போவதில்லை, ஏனென்றால் வகுப்பு என்று ஒன்று அவளை விட்டு ஓடவில்லை.

ஆசிரியர் என்ன செய்வார் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் சூட்சுமம். பிள்ளைகள் பாயில் வட்டம் வட்டமாக உட்காருவார்கள். ஒரு வட்டத்துக்கு ஆசிரியர் முழு நேரமும் தேவை. புதிதாகக் கற்கிறவர்கள் அவர்கள். இன்னொரு வட்டத்துக்கு அவ்வப்போது ஒரு பார்வை போதும். மூன்றாவது வட்டத்தில் பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித் தரும். நான்காவதில் தானே செய்து பார்க்கலாம். எந்த அட்டைக்கு எந்த வட்டம் என்பது அட்டையிலேயே குறித்திருக்கும். ஒரே ஆசிரியர், ஆனால் அவருடைய நேரம் அது மிகவும் தேவைப்படும் குழந்தைக்குப் போய்ச் சேருகிறது. கம்ப்யூட்டர்காரர்கள் இதற்குப் பெரிய பெயர்கள் வைத்திருக்கிறார்கள். அட்டையும் கத்தரிக்கோலும் செய்த வேலை இது. 'பெட்டிக்குள் பள்ளி' என்று அதற்குப் பெயர் வந்தது பொருத்தம்தான்.

அட்டைகளைத் தயாரித்தவர்களில் கிராமத்து ஆசிரியர்களும் இருந்தார்கள். ஒரு பாடம் பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லையா, அடுத்த கூட்டத்தில் சொல்வார்கள், அட்டை மாறும். ஊர்க் கதைகள், விடுகதைகள் அட்டையில் ஏறின. மெட்ரிக் மேளா என்று ஊர்த் திருவிழாபோல் ஒன்று நடத்துவார்கள். பிள்ளைகள் அளக்க, நிறுக்க, பெற்றோர் வியப்பார்கள்.

மூத்த பிள்ளை சின்னவனுக்குச் சொல்லித் தரும் வழக்கம் நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை காலத்தது. இது முன்பும் ஒரு முறை கடல் தாண்டியிருக்கிறது. 1789-ல் எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் மணல் பரப்பச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து, எழுத்து வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பையன் நடத்திக் காட்டினான். 1797-ல் லண்டனில் பெல் இதை நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் அது பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச் சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் 'மதராஸ் காலேஜ்' என்றுதான் பெயர். ஆனால் அங்கே போனதும் அது தொழிற்சாலை வரிசையாக மாறிப்போனது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் போதும், செலவு மிச்சம் என்று கணக்குப் போட்டவர்கள் கையில் அது அகப்பட்டது. எழும்பூர் மணலில் இருந்த சுதந்திரம் கப்பலில் ஏறவில்லை.

ரிஷிவேலி அட்டைகளும் பயணம் போயின. 1995-ல் கர்நாடகத்தின் எச்.டி. கோட்டை வட்டத்து ஆசிரியர்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் மொழியில் செய்தார்கள். 'நலி கலி' பிறந்தது. ஜெர்மனியின் ரெகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் வந்து கற்றுப்போனார்கள். 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்களை மதனப்பள்ளிக்கு அனுப்பினார். திரும்பியவர்கள் தமிழில் அட்டைகள் தயாரித்தார்கள். பதின்மூன்று பள்ளிகளில் தொடங்கிய 'செயல்வழிக் கற்றல்' பிறகு மாநகராட்சிப் பள்ளிகள் முழுவதற்கும் போனது. விஜயகுமார் அனைவருக்கும் கல்வித் திட்டத்தின் மாநிலப் பொறுப்புக்கு வந்ததும், 2007-ஐ ஒட்டித் தமிழகத்தின் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது.

அந்த வகுப்பறைகளைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். கரும்பலகை சுவரின் கீழ்ப்பாதிக்கு இறங்கி வந்திருந்தது, பிள்ளைகளின் உயரத்துக்கு. நாற்காலி போய், ஆசிரியர் பாயில் உட்கார்ந்தார். வந்தவுடன் தன் வருகையைக் குழந்தை தானே குறித்தது. இன்று என்ன வானிலை என்றும் அதுவே எழுதியது. ஆசிரியர் பெயர் கூப்பிடும் நேரம் மிச்சம். முகத்தைப் படமெடுக்கும் செயலிக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது.

அதன் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். பதின்மூன்று பள்ளிகளில் ஆசிரியர்கள் ஆசைப்பட்டுச் செய்தது, 37 ஆயிரம் பள்ளிகளில் உத்தரவாகப் போய் இறங்கியது. அட்டை கிழிந்தால் புதியது வர மாதங்கள் ஆயின. அட்டையைத் தயாரித்த ஆசிரியருக்கு அதை மாற்றும் உரிமை இருந்தது. அச்சடித்து லாரியில் வந்த அட்டையைப் பெற்றவருக்கு அது இல்லை. எந்தக் குழந்தை எந்தப் படியில் என்று பதிவேடு நிரப்பும் வேலை பெருகியது. மேற்பார்வையாளர் வந்து ஏணி ஒட்டியிருக்கிறதா, தட்டு அடுக்கியிருக்கிறதா என்று பார்த்தார். குழந்தை படிக்கிறதா என்று பார்க்க நேரமில்லை. வீட்டுப் பாடம் இல்லை, புத்தகம் இல்லை, தரையில் உட்கார வைக்கிறார்கள் என்று பெற்றோர் முணுமுணுத்து, பக்கத்துத் தனியார் பள்ளி வேனைப் பார்த்தார்கள். பிறகு முறை திருத்தப்பட்டது. 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அதன் சோதனைத் தேர்வுகளைச் செயலியில் பதிய வேண்டியிருந்தது. எங்கே சுற்றினாலும் போன் இருக்கிறது.

ஆக, கரண்ட் இருக்கிறதா இல்லையா என்பதல்ல பிரச்சினை. அட்டையும் அதிகாரமாகலாம். எந்திரம் ஆசிரியரின் கையில் கருவியாகவும் இருக்கலாம். திருப்பதிப் பக்கத்து இன்ஜினீயரிங் கல்லூரிகளிலேயே அதற்கு உதாரணம் உண்டு. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் அறிவியல் கழகமும் 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்கள் இலவசமாக இன்டர்நெட்டில் கிடக்கின்றன. ஒரு பாடத்துக்கு நல்ல பேராசிரியர் கிடைக்காத கல்லூரியின் மாணவன் இரவு விடுதியில் உட்கார்ந்து சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியரின் விளக்கத்தைக் கேட்கிறான். புரியாவிட்டால் நிறுத்திப் பின்னால் தள்ளி மீண்டும் கேட்கிறான். யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. அவன் எத்தனை மணிக்குக் கேட்டான் என்று மாவட்ட அதிகாரிக்குத் தகவல் போகவில்லை. அதே மாணவன் காலையில் வருகை பதியும்போது கதை வேறு. 2020-ல் வந்த 'ஜகனன்ன வித்யா தீவேன' திட்டத்தில் 75 சதவீத வருகை இருந்தால்தான் அரசு கட்டணத்தைத் திருப்பித் தரும் என்று நிபந்தனை வைத்தார்கள். வருகை எண் பணமானால், கல்லூரி எதைக் கவனிக்கும் என்று ஊகிப்பது கஷ்டமல்ல.

மறுபக்கம் 2022 டிசம்பர் 21. அன்றைய முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி தன் பிறந்த நாளில் அரசுப் பள்ளி எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு டேப் வழங்கத் தொடங்கினார். ஆசிரியர்களையும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட டேப்கள். உள்ளே பைஜூஸ் நிறுவனத்தின் பாடங்கள், ஆங்கிலமும் தெலுங்குமாக. தனியார் பள்ளிப் பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கும் பாடம் கூலி வேலை செய்பவரின் பிள்ளைக்கும் இலவசம் என்பது சின்ன விஷயமல்ல. கேலி செய்தவர்கள் அதை மறந்துவிடக் கூடாது. 2024 ஜூலையில் பைஜூஸ் திவால் நடவடிக்கைக்குள் போனது. அதற்கு ஒரு மாதம் முன்பே மாநிலத்தில் ஆட்சி மாறியிருந்தது. டேப் பெற்ற முதல் அணி 2025-ல் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்தது. ஒரு கம்பெனியின் வாழ்வும் ஓர் ஆட்சியின் வாழ்வும் ஒரு குழந்தையின் மூன்று வகுப்புகளுக்குள் அடங்கிவிட்டன. அந்தப் பாடங்களில் ஒரு வரியைத் திருத்தவோ, ஓர் ஊர்க் கதையைச் சேர்க்கவோ சந்திரகிரி ஆசிரியருக்கு வழியே இருக்கவில்லை.

ஆங்கிலமும் தெலுங்குமாக என்றபோது விடுபட்ட ஒரு கூட்டம் உண்டு. 1950-களில் 'வேங்கடத்தை விடமாட்டோம்' என்று ம.பொ.சி. போராடினார். பட்டாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி மட்டும் இந்தப் பக்கம் வந்தது. நகரி, குப்பம் பக்கத்துத் தமிழர்கள் அங்கேயே நின்றார்கள். அவர்களுக்காக அரசு தமிழ்வழிப் பள்ளிகளும் அங்கே உண்டு. சில நூறு பிள்ளைகளுக்காக எந்தக் கம்பெனியும் பாட வீடியோ எடுக்காது. எடுத்தால் கட்டுப்படியாகாது. எந்திரத்தின் பெரிய பலவீனம் இது: கூட்டம் பெரிதாக இருந்தால்தான் அது பேசும்.

அட்டைக்கு அந்தச் சிக்கல் இல்லை. நாற்பது பிள்ளைகளுக்காகவும் நாற்பது அட்டை எழுதலாம். சித்தூர் மாவட்டத்திலிருந்து புறப்பட்ட அந்த முறைக்குத் தமிழ் அட்டைகள் சென்னையில் 2003-லேயே தயாராகிவிட்டன. அவற்றை எழுதிய ஆசிரியர்களில் பலருக்கு இன்னும் அந்த வேலை மறந்திருக்காது. திருத்தணியிலிருந்து நகரிக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.